கழலக்கூடிய பத்தொன்பது இடங்கள்

காளியண்ணனின் கணக்குப்படி அந்தப் பாய்ப்படகில் கழன்று போகக்கூடிய இடங்கள் பத்தொன்பது. பாய்மரத்தை மூன்று பக்கமும் இழுத்து நிறுத்தும் கம்பிகளின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் இருக்கும் பின்கள், அந்தக் கம்பிகளை முறுக்கி விறைப்பாக்கும் திருகுகள், சுக்கான் தொங்கும் கொக்கிகள், கயிறு ஓடும் கப்பிகள் என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணி வைத்திருந்தான். படகு தண்ணீரில் இறங்குமுன் ஒருமுறை, கரையேறியதும் ஒருமுறை, சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் ஒருமுறை பத்தொன்பதையும் பார்த்துவிடுவான்.

"ஏனுங்க காளியண்ணன், அது ஓடவே இல்லையே இன்னிக்கு. நிக்கற படகுல என்ன கழண்டுடப் போகுது?" என்று டாக்டரம்மா கேட்பார்.

"காத்து அடிக்குதில்லீங்க. நின்னாலும் அதிருமுங்க" என்பான் அவன்.

டாக்டரம்மாவின் பெயர் கோகிலவாணி. சேலத்தில் முப்பத்தைந்து வருடம் கண் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். சென்னையில் படித்த காலத்தில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து பாய்ப்படகு ஓட்டக் கற்றிருக்கிறார். அதற்குப் பிறகு வேலை, பிள்ளைகள் என்று நாற்பது வருடம் போய்விட்டது. மலைமேல் செம்மேட்டுக்குக் கீழே ஓர் ஏரிக்கரையை ஒட்டி ஐந்து ஏக்கர் வாங்கியபோது, மிளகு போடத்தான் வாங்குகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மிளகும் போட்டார். ஆனால் அடுத்த மாசியில் சென்னையிலிருந்து ஒரு லாரி பழைய பாய்ப்படகு ஒன்றைத் தூக்கிக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து நின்றது. "மலை மேல கப்பலு உடறாங்களாம்" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

படகை இறக்க ஆள் வேண்டுமென்று கூப்பிட்ட எட்டுப் பேரில் காளியண்ணனும் ஒருவன். இறக்கி வைத்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட, அவன் மட்டும் படுக்கப் போட்டிருந்த பாய்மரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கம்பிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இந்தத் திருகு ரெண்டும் லாரி குலுக்கல்ல பாதிக்கு மேல கழண்டு கெடக்குதுங்க. இங்க ஒரு பின்னு இருந்திருக்கோணும், காணமுங்க" என்றான்.

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவன் சொன்னது சரியாக இருந்தது. "இதுக்கு முன்னால என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"போர்வெல் வண்டியில ஃபிட்டருங்க. பதிமூணு வருசம்."

"ஏன் விட்டுட்டீங்க?"

"விட்டுட்டனுங்க" என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மறுநாளே படகைப் பார்த்துக்கொள்ள அவனை வைத்துக்கொண்டார்.

போர் வண்டியை அவன் விட்டது ஐந்து வருடங்களுக்கு முன்பு, சத்தீஸ்கரில். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த வண்டியில் இருபது அடி நீள இரும்பு ராடுகளைக் கம்பிவடத்தில் மாட்டித் தூக்கி ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். வடத்தையும் ராடையும் சேர்ப்பது ஒரு ஷேக்கிள், அதாவது லாடம் மாதிரி வளைந்த இரும்பு. அதன் வாயை ஒரு திருகுப்பின் அடைத்திருக்கும். வண்டி அதிர அதிர அந்தப் பின் தானாகவே சுற்றிக் கழலும் என்பதால், அதன் தலையில் உள்ள துளையில் கட்டுக்கம்பி விட்டு ஷேக்கிளோடு சேர்த்து முறுக்கிக் கட்டிவிடுவார்கள். இரண்டு நிமிட வேலைதான்.

விபத்து நடந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் காளியண்ணன் புது ஷேக்கிள் மாற்றினான். உடம்பில் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. பின்னைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் இன்னொரு முறை இறுக்கிவிட்டு, கம்பியைக் காலையில் கட்டிக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்தான். காலையில் எழுந்ததும் வேறு ஒரு ஹோஸ் பைப் வெடித்துக் கிடந்தது. அந்த அவசரத்தில் ஷேக்கிள் மறந்துபோனது. பதினோரு மணிக்கு அந்தரத்தில் தொங்கிய ராடு விழுந்தது. கீழே நின்றிருந்தவன் சென்றாயன், காளியண்ணனின் மனைவி பாவாயிக்கு ஒரே தம்பி. அவனை அந்த வண்டியில் சேர்த்துவிட்டதே காளியண்ணன்தான்.

மூன்று முறை ஆபரேஷன் செய்தும் சென்றாயனின் வலது முழங்கால் மடங்கவில்லை. இனி மடங்கவும் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது.

யார் தப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. இரும்பு வேலை என்றால் இப்படி நடக்கத்தான் செய்யும் என்று பேசிக்கொண்டார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்காததால் அது அவனுக்குள்ளேயே தங்கிவிட்டது. பாவாயியிடம்கூட அவன் சொல்லவில்லை. அதே மலையில் பைல் நாடு என்கிற ஊரில் இருக்கும் மாமியார் வீடு எட்டு கிலோமீட்டர்தான். நோம்பி பண்டிகைக்கும் நல்லது கெட்டதுக்கும் பாவாயி மட்டும் பஸ் ஏறிப் போய்வருவாள். அவனுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வேலை வந்துவிடும். கல்யாண வீடுகளில் தூரத்தில் அந்த ஊன்றுகோல் தெரிந்தாலே பந்தலின் பின்பக்கமாகப் போய்விடுவான்.

"என்ற தம்பி உங்களை என்ன பண்ணுனான்?" என்று பாவாயி ஒருநாள் கேட்டாள்.

"அவன் ஒண்ணும் பண்ணல" என்றான் காளியண்ணன். அது உண்மைதான்.

ஆடி பிறந்து காற்று நன்றாக வீசத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, டாக்டரம்மா பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம் நடத்திவிட்டு வந்தார். படகின் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்த காளியண்ணனிடம், "ஞாயித்துக்கிழமை ஒருத்தரைப் படகுக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்றார். "அவங்க அம்மாவுக்குக் கண்ணு காட்டக் கூட்டிட்டு வந்தார். ஒரு கால் மடக்க முடியாது. படகைப் பத்தி அவ்வளவு கேள்வி கேட்டார். படகுல ஏறி உக்காந்துட்டா கால் எதுக்குங்க, வாங்கன்னுட்டேன். பைல் நாட்டுக்காரர். பேர்கூட சென்றாயன்னு சொன்னார்."

காளியண்ணனின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "சரிங்க" என்றான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே காளியண்ணன் வந்துவிட்டான். கம்பிகளின் கீழ்முனையில் பின்கள் கழன்று வராமலிருக்கச் சாவிக்கொத்து வளையம் மாதிரி சின்ன எஃகு வளையங்கள் கோத்திருக்கும். அவற்றில் கயிறு மாட்டிக்கொள்ளாதபடி மேலே வெள்ளை டேப் சுற்றி வைத்திருப்பான். அன்று அத்தனை டேப்பையும் உரித்துவிட்டு வளையங்களை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பிப் பார்த்தான். எல்லாம் சரியாகவே இருந்தன. திருகுகளின் துளைகளில் விட்டிருந்த பிளவுப்பின்கள் அசையவில்லை. அவனால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா வந்ததும், "இன்னிக்கு வேண்டாமுங்க. எடப்பக்கத்துக் கம்பி இத்துப்போன மாதிரி இருக்குதுங்க" என்றான்.

அவர் அந்தக் கம்பியை மேலிருந்து கீழ்வரை துணியால் வழித்துப் பார்த்தார். ஓர் இழைகூடப் பிசிறியிருக்கவில்லை. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"கம்பி நல்லாத்தானே இருக்கு. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு. உடம்பு சரியில்லையா?"

அவன் பதில் சொல்வதற்குள் பக்கத்துச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர் ஒன்று சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் இறங்கி வந்து நின்றது. சென்றாயன் ஊன்றுகோலை எடுத்து ஊன்றி, வலது காலை வட்டமாக வீசி இறங்கினான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். மீசையை எடுத்துவிட்டிருந்தான். டாக்டரம்மாவைக் கும்பிட்டுவிட்டு, "மாமா இங்கதான் இருக்காங்கன்னு அக்கா சொல்லுச்சுங்க. அதான் கட்டாயம் வாரேன்னேன்" என்றான்.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "துடுப்பு எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லி, துடுப்பு படகிலேயே கிடந்தபோதும், வீட்டுப் பக்கம் நடந்தார்.

இருவரும் தனியாக நின்றார்கள். ஏரியில் சின்னச் சின்ன அலைகள் கரையைத் தட்டிக்கொண்டிருந்தன.

"நல்லா இருக்கீங்களா மாமா?"

"மாப்ள, நீ இதுல ஏற வேண்டாம்" என்றான் காளியண்ணன்.

"ஏனுங்க?"

"நான் கட்டுன கம்பியை நம்பி நீ ஏற வேண்டாம்." சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. "அன்னிக்கு அந்த ஷேக்கிள்ல நான் கம்பி கட்டல. பின்னை மட்டும் முறுக்கிட்டுப் போய்ப் படுத்துட்டேன். காத்தால மறந்துட்டேன். அதான் அஞ்சு வருசமா உன்ற மூஞ்சியில முழிக்க முடியல. உங்கக்காவுக்குக்கூடத் தெரியாது."

சென்றாயன் ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். அவன் முகத்தில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க" என்றான்.

"என்ன தெரியும்?"

"கம்பி கட்டலைன்னு. காலையில முதல் ராடு மாட்டுனவன் நான்தானுங்களே. கைக்கு நேரா இருந்துச்சு, பார்த்தேன். கம்பி இல்லையேன்னு நெனச்சேன். மாமாவுக்குக் காய்ச்சல், ஹோஸ் வேலையில வேற இருக்காங்க, கூப்புட வேண்டாம், டீ நேரத்துல நம்மளே கட்டிக்கலாம்னு உட்டுட்டேன். நாலு ராடு எறங்குச்சு. அஞ்சாவது எம்மேல வந்துச்சு."

சென்றாயன் ஏரியைப் பார்த்தபடி தொடர்ந்தான்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அதையேதான் நெனச்சேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா போதும். எம்மேலயே எனக்குக் கோவமா இருந்துச்சு. உங்க மேலயும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதெல்லாம் ஒரு வருசம். அதுக்கப்புறம் கோவம் வந்ததெல்லாம் வேற ஒண்ணுக்குங்க." ஊன்றுகோலை மண்ணில் அழுத்தி ஊன்றினான். "எட்டு கிலோமீட்டர் மாமா. மூணு ஆபரேசன். ஒரு நாள் வந்து கட்டில்ல உக்காந்து, எப்படிடா இருக்கேன்னு கேக்கல நீங்க. பந்தலுக்குப் பின்னால போறதை நான் பார்க்கலைன்னு நெனச்சீங்களா?"

காளியண்ணன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றான். கண்ணீர் மூக்கு நுனி வரைக்கும் வந்து விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. சென்றாயன் அவனைத் தேற்றவில்லை. அந்தப் பேச்சு முடிய வேண்டிய இடத்தில் முடிந்துவிட்டது போல இருந்தது. "ஏத்தி உடுங்க" என்று மட்டும் சொன்னான்.

டாக்டரம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, காளியண்ணன் சென்றாயனின் இடுப்பில் கை கொடுத்துப் படகுக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். மடங்காத கால் நீட்டிக்கொள்ளத் தோதாகப் படகின் நடுத் தரையில், பாய்மரத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா பின்னால் சுக்கானைப் பிடித்தார். காளியண்ணன் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டான்.

கரையைத் தாண்டியதும் காற்று வலப்பக்கத்திலிருந்து பிடித்தது. பாய் புடைத்து, படகு இடப்பக்கம் சாய்ந்து, தண்ணீர் அடியில் சலசலவென்று ஓடியது. காளியண்ணனும் டாக்டரம்மாவும் எடைக்காக வலப்பக்க விளிம்பில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"என்ஜின் சத்தமே இல்லீங்களே" என்றான் சென்றாயன். சின்னப் பிள்ளை போல இருபுறமும் பார்த்துக்கொண்டிருந்தான். "பெருமூச்சு உடற மாதிரி போகுது."

"காத்து இன்னும் கூடும். பாருங்க" என்றார் டாக்டரம்மா.

ஏரியின் நடுவில் அது கூடியது. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்த காற்று ஒன்று படகை இன்னும் சாய்த்தது. முன்பாயின் கயிறு இடப்பக்கத்துக் கம்பியில் உரசி உரசி முன்னும் பின்னும் இழுபட்டது. எதிர்க்கரைப் பாறைகள் கிட்டே வந்துகொண்டிருந்தன.

"திருப்பப் போறேன். தலையைக் குனிஞ்சுக்கங்க" என்றார் டாக்டரம்மா.

"கொஞ்சம் இருங்கம்மா." சென்றாயனின் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "மாமா, இந்தக் கம்பியோட கீழ பாருங்க."

காளியண்ணன் பார்த்தான். இடப்பக்கத்துக் கம்பியின் கீழ்முனையில் வளையத்தைக் காணோம். கயிறு மாட்டி இழுத்ததில் அது பிரிந்து தண்ணீருக்குள் போயிருந்தது. பின் பாதி வெளியே வந்துவிட்டிருந்தது. காலையில் உரித்த டேப்பை அவன் திரும்பச் சுற்றவே இல்லை. ஸ்கூட்டர் வந்து நின்றதும் அது மறந்துபோயிருந்தது.

படகு இப்போது இடப்பக்கம் சாய்ந்திருந்ததால் அந்தக் கம்பியில் இழுவிசை இல்லை, தொளதொளவென்று கிடந்தது. படகைத் திருப்பினால் காற்று மறுபக்கம் மாறி, முழு பாரமும் அதன் மேல் வரும். பாய்மரம் சாயும். அதன் அடியில் உட்கார்ந்திருப்பவன் சென்றாயன்.

சத்தீஸ்கரின் டீசல் வாசனை காளியண்ணனின் மூக்கில் ஏறியது. "அம்மா, திருப்பாதீங்க" என்று மட்டும் வாயில் வந்தது.

டாக்டரம்மா ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். கயிற்றைத் தளர்த்திவிட்டார். பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, வேகம் குறைந்தது. ஆனால் காற்று படகைப் பாறைப் பக்கமே மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அவசரமில்லை. ஆனா ரொம்ப நேரமும் இல்லை" என்றார்.

சென்றாயன் கையை நீட்டி, வெளியே வந்திருந்த பின்னைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி அழுத்திப் பிடித்துக்கொண்டான். "வாங்க மாமா."

காளியண்ணன் விளிம்பிலிருந்து இறங்கி தவழ்ந்து அவனருகே போனான். சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் கட்டுக்கம்பித் துண்டுகளில் ஒன்றை எடுத்தான். பின்னின் முனையில் உள்ள துளை குண்டூசித் தலை அளவுதான். முதல் முறை கம்பி வழுக்கியது. இரண்டாம் முறை சென்றாயனின் விரலில் குத்தி ரத்தம் துளிர்த்தது.

"மெதுவாக் கட்டுங்க" என்றான் சென்றாயன். விரலை எடுக்கவில்லை. "நான் புடிச்சுட்டுத்தான் இருக்கறேன்."

மூன்றாம் முறை நுழைந்தது. இரண்டு சுற்று சுற்றி, முனைகளைச் சேர்த்து முறுக்கி, மிச்சத்தை உள்பக்கம் மடக்கிவிட்டான். சென்றாயன் குனிந்து பார்த்தான். நகத்தால் நெம்பிப் பார்த்தான். பிறகுதான் கட்டைவிரலை எடுத்தான்.

"இப்பத் திருப்புங்கம்மா."

படகு திரும்பியது. கம்பி விண்ணென்று விறைத்தது. காளியண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நின்றது.

படகை மேடேற்றியதும் டாக்டரம்மா அந்தக் கம்பிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"தப்பு என்னுதுங்க. டேப்பு சுத்தல" என்றான் காளியண்ணன். இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

"ஏறும்போது நானும் பார்க்கல. பார்த்திருக்கணும்" என்றார் அவர். "நீங்க ஒரு நாளைக்கு மூணு தடவை பார்க்கறீங்க, அதனால நமக்கு வேலையில்லைன்னு விட்டுட்டேன். ஒரே கண்ணு எத்தனை தடவை பார்த்தாலும் அது ஒரு கண்ணுதான்." பிறகு சென்றாயனிடம் திரும்பி, "சனி, ஞாயிறு வர முடியுமாங்க? இவர் கட்டட்டும், நீங்க பாருங்க. நீங்க பார்க்காம நான் ஏற மாட்டேன்" என்றார்.

"மாமாவோட வேலையைக் குறை சொல்லச் சொல்றீங்க" என்றான் சென்றாயன்.

"ஆமா."

"அப்ப வாரனுங்க."

காளியண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாள் பழக்கமில்லாததால் அது இருமல் போலத்தான் வெளியே வந்தது.

மத்தியானம் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து அவன் பைல் நாட்டுக்குப் போனான். வழியிலேயே பாவாயிக்குப் போன் செய்தான். "எங்கிருக்கீங்க?" என்றாள். "உன்ற அம்மா ஊட்டுக்குப் போறேன். நீயும் பஸ் புடிச்சு வா. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றான். "ரெண்டு மணி பஸ்ஸுக்கு வாரேன்" என்றாள்.

மாமியார் முனியாயி வாசலில் பலாக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரின் பின்னால் இருந்து இறங்கியவனைக் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் எழுந்தாள்.

"வாங்க மாப்ள. கை கால் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தாள். எதிரே உட்கார்ந்து, கீழ்க்காட்டில் குரங்குக் கூட்டம் எப்படிப் பலாப்பிஞ்சுகளைக் கடித்துக் கடித்துப் போட்டது, தகர டப்பாவைத் தட்டியும் எப்படி அசையவே இல்லை, அதில் ஒரு கிழக்குரங்கு எப்படித் தன்னையே முறைத்துப் பார்த்தது என்று நீளமாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஐந்து வருடம் என்று ஒரு வார்த்தை அதில் வரவில்லை. காளியண்ணன் அந்தக் குரங்குக் கதை முழுவதையும் கேட்டான்.

"அப்புறம் என்னதான் பண்ணீங்க அத்தை?" என்று கேட்டுக்கொண்டே தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான்.

அவள் குழம்புச் சட்டியைக் கிட்டே இழுத்தாள்.